பச்சை டிக் விழுந்தது, செய்தி போகவில்லை: பைப்லைன் மாறிகளோடு பட்ட அனுபவங்கள்

பாம்பன்_வாடை

மீன்பிடித் தடைக்காலம் முடியும் ஜூன் 14 மாலை பாம்பனும் தங்கச்சிமடமும் எப்படியிருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 61 நாள் கரையில் கிடந்த விசைப்படகுகளுக்கு ஐஸும் டீசலும் ஏறிக்கொண்டிருந்தன. கடல் தகவல் மையமான இன்காய்ஸ் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பைச் சுருக்கிப் படகு உரிமையாளர்களின் டெலிகிராம் குழுவுக்கு மாலைதோறும் அனுப்பும் சிறிய நிரல் ஒன்றை நிரல்களைச் சேமித்துத் தானாக ஓட்டும் தளமான கிட்லேபில் நாங்கள் சிலர் நடத்துகிறோம். நேர அட்டவணைப்படி ஓடும் பைப்லைன், அதாவது ஜாப் எனப்படும் வேலைகளின் தொடர்தான் அதை அனுப்புகிறது. ஒரு திருத்தத்துக்காக அன்று காலை அட்டவணை, நிரலின் முதன்மைப் பிரதியான மெயின் கிளையிலிருந்து வேறொரு கிளைக்கு மாற்றப்பட்டிருந்தது. ஜாப் ஓடியது, பச்சை டிக்கும் விழுந்தது. செய்தி மட்டும் யாருக்கும் வரவில்லை. ஐஸ் கம்பெனி வாசலில் நின்ற உரிமையாளர் ஒருவர், "என்ன தம்பி, காத்து எப்படின்னு ஒண்ணுமே வரலையே" என்று, முந்தின நாள் செய்தியோடு நின்றுபோயிருந்த தம் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

ஓட்டத்தின் பதிவான லாக்கில் கண்ட இரண்டு வரிகள்தாம் இன்னும் உறுத்துகின்றன. டெலிகிராம் 404, "நாட் ஃபவுண்ட்" என்று பதில் அனுப்பியிருந்தது; அதற்குக் கீழேயே "ஜாப் சக்ஸீடட்" என்று இருந்தது. செய்தி அனுப்பும் பாட்டின் ரகசியச் சாவியான டோக்கனை வைத்திருந்த மாறிக்கு (பைப்லைனுக்குப் பெயரிட்டுக் கொடுக்கும் மதிப்பு) "புரொடெக்டட்" டிக் போடப்பட்டிருந்தது. அத்தகைய மாறி, பாதுகாக்கப்பட்ட கிளைகளிலும் டேகுகளிலும் ஓடும் பைப்லைனுக்கு மட்டுமே கிடைக்கும். மற்றக் கிளைகளில் அப்படியொரு மாறியே இல்லாதது போல எல்லாம் நடக்கும், எச்சரிக்கை எதுவும் வராது. முகவரியில் டோக்கன் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகவே போயிருக்கிறது.

கீழக்கரை_கணக்கர்

புரொடெக்டட் டிக்கின் மீது பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அது தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. 404 வந்தாலும், செய்தியை அனுப்பும் கர்ல் கட்டளை வெற்றி என்று பொருள்படும் 0 என்ற எக்ஸிட் கோடையே தரும், "ஃபெயில்" தெரிவைக் கொடுத்தால்தான் ஜாப் சிவப்பாகும். உங்களுக்குப் பச்சை டிக் காட்டியது கர்ல்தான்.

நான் பட்டது வேறு. கருவாட்டு மொத்த வியாபாரி ஒருவருடைய கணக்கு மென்பொருளின் தரவுத்தளக் கடவுச்சொல்லில் நடுவே ஒரு $ குறி இருந்தது. நான் கையால் அடித்தால் தரவுத்தளம் திறக்கும். அதே கடவுச்சொல்லோடு பைப்லைன் போனால் மறுக்கும். மதிப்பை லாக்கில் காட்ட மனமில்லாமல் அதன் நீளத்தை மட்டும் அச்சிட்டுப் பார்த்தோம். $ குறிக்கு முன்னிருந்த எழுத்துகளின் எண்ணிக்கைதான் வந்தது. மாறியை விரிவாக்கும் தெரிவு இயக்கத்தில் இருந்ததால், $ குறிக்குப் பின்னிருந்ததை கிட்லேப் வேறொரு மாறியின் பெயராக எடுத்துக்கொண்டு, அப்படி ஒன்று இல்லாததால் வெற்றிடமாக்கியிருந்தது. அந்தத் தெரிவை நீக்கியதும் சரியாயிற்று. வியாபாரியோ இன்றுவரை இணைய இணைப்புதான் காரணம் என்று நம்புகிறார்.

மண்டபம்_முகாம்

என் அனுபவம் சிறியது. ஒரு ஜாபில் எக்ஸ்போர்ட் செய்த பதிப்பு எண் அடுத்த ஜாபில் காணாமற்போனது. ஒவ்வொரு ஜாபும் தனி ஷெல்லில் (கட்டளைகளை இயக்கும் சூழல்) ஓடுவதால் அது இயல்பே. பெயர்=மதிப்பு வரிகள் கொண்ட டாட்என்வ் கோப்பில் எழுதி ரிப்போர்ட்டாக ஒப்படைத்தால் பின்வரும் ஜாப் எடுத்துக்கொள்ளும்.

புதியவர்களுக்காகச் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். பைப்லைனை வரையறுக்கும் யாமல் கோப்பில் எழுதிய மாறியும் புராஜெக்ட் செட்டிங்ஸில் வைத்த மாறியும் ஒரே பெயரில் இருந்தால் செட்டிங்ஸில் உள்ளதே வெல்லும். பைப்லைனைக் கையால் ஓட்டும்போதோ அட்டவணையிலோ கொடுத்த மதிப்பு அதையும் மீறும். ஆகவே கோப்பைத் திருத்தித் திருத்தி ஓட்டியும் பழைய மதிப்பே வருகிறதென்றால் கோப்பைப் பார்ப்பதில் பயனில்லை. பைதான் பதிப்பு 3.10 என்பதை மேற்கோள் குறியில்லாமல் எழுதினால் யாமல் அதைத் தசம எண்ணாகப் படித்து 3.1 ஆக்கிவிடும், தடைக்காலத் தொடக்கத்தை 2025-04-15 என்று வெறுமனே எழுதினால், சில யாமல் நூலகங்கள் அதை எழுத்துச்சரமாகக் கொள்ளாமல் தேதியாக மாற்றிவிடும். எண்ணோ, தேதியோ, ஆம்-இல்லையோ, எதுவானாலும் மேற்கோளுக்குள் வையுங்கள். கடைசியாக, ஒவ்வொரு ஜாபின் முதல் வரியிலும் என்வி கட்டளையால் எல்லா மாறிகளையும் அச்சிட்டுவிட்டால், பாம்பன் தம்பிக்கு நேர்ந்தது போன்ற குழப்பமே வராது.

தொண்டி_நிரலர்

யாரும் கேட்காத அறிவுரை என்பதை விட்டுவிடலாம். ஆனால் அதன் கடைசி வரியைத் தயவுசெய்து எவரும் பின்பற்ற வேண்டாம். ரகசிய மாறிகளுக்குப் போடும் மாஸ்க் என்பது, மதிப்பு உள்ளது உள்ளபடி லாக்கில் தோன்றினால் மட்டுமே மறைக்கும். அதே மதிப்பு பேஸ்64 என்ற குறியாக்க வடிவில் வந்தால் அப்படியே தெரியும். 2021 ஜனவரி 31 முதல் ஏப்ரல் 1 வரை கோட்கவ் நிறுவனத்தின் பாஷ் அப்லோடர் ஸ்கிரிப்டைத் திருத்திவைத்தவர்கள், அது ஓடிய சிஐ (பைப்லைன் ஓடும் தானியங்கி) சூழல்களிலிருந்து திருடியதே இந்த மாறிகளைத்தான். அவர்கள் ரகசியமாக எடுத்ததை நாமே லாக்கில் எழுதிவைக்க வேண்டுமா?

என் அனுபவம் கிட்லேப் பைப்லைனைப் போன்ற கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் நேர்ந்தது. எங்கள் ஊர்க் கல்லூரி மாணவி ஒருவர் எங்கள் நிரல் களஞ்சியத்தை ஃபோர்க் செய்து (தன் கணக்கில் படியெடுத்து) நல்லதொரு திருத்தம் அனுப்பினார், சோதனை சிவப்பானது. ஃபோர்க்கிலிருந்து வரும் புல் ரிக்வெஸ்டுக்கு (திருத்தத்தைச் சேர்க்கும் கோரிக்கை) நம் சீக்ரெட்டுகள், அதாவது ரகசிய மதிப்புகள், போகா. அவை வெற்றுச் சரமாகவே இருக்கும், அப்படித்தான் இருக்கவும் வேண்டும். அதை அறியாத அந்தப் பெண், சரியாக இருந்த நிரலைத் தானே பிய்த்துப் பிய்த்து எழுதி, "என் பிழை எங்கே இருக்கிறது, அண்ணா?" என்று நள்ளிரவில் கேட்டிருந்தார். காலையில் நான் பார்த்தபோது முதலில் அனுப்பியிருந்த நல்ல வடிவம் போயே போய்விட்டது.

பாம்பன்_வாடை

கர்ல் பற்றிக் கீழக்கரை அண்ணன் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் பாதிதான். ஃபெயில் தெரிவு இருந்திருந்தாலும் செய்தி அன்று போயிருக்காது. போகவில்லை என்பது முன்பே தெரிந்திருக்கும், அவ்வளவே. இப்போது ஃபெயில் தெரிவைச் சேர்த்திருக்கிறோம். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில், டோக்கன் மாறி வெறுமையாக இருந்தால் அங்கேயே நின்றுவிடும்படி ஷெல்லின் :? வடிவத்தையும் எழுதியிருக்கிறோம்.

மண்டபம்_முகாம்

தொண்டித் தம்பிக்கு: மதிப்புகள் வேண்டாமென்றால் என்வி வெளியீட்டைக் கட் கட்டளைக்கு அனுப்பி, சமக்குறிக்கு முன்னுள்ள பெயர்களை மட்டும் அச்சிடலாமே. அதிலென்ன ஆபத்து?

தொண்டி_நிரலர்

சேவையகத்தில் நுழையப் பயன்படும், பல வரி கொண்ட எஸ்எஸ்எச் சாவி ஒரு மாறியில் இருந்தால் ஆபத்துதான், ஐயா. சமக்குறி இல்லாத வரிகளைக் கட் முழுதாகவே அச்சிடும். சாவியின் நடுவரிகள் அத்தனையும் லாக்குக்கு வந்துவிடும். பெயர்கள்தான் வேண்டுமென்றால் பாஷ் ஷெல்லின் கம்ப்ஜென் கட்டளை, இ தெரிவோடு, பெயர்களை மட்டும் தரும்.

மண்டபம்_முகாம்

ஜாபுகளை ஓட்டும் எங்கள் ரன்னரில் ஆல்பைன் என்ற சிறிய லினக்ஸ் இமேஜ்தான் ஓடுகிறது; அதில் பாஷே கிடையாது.