இரு ஆஸிலேட்டர்களின் நுண்ணிய அதிர்வெண் வேறுபாட்டை அளக்க உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். என்னிடமுள்ள இரண்டு 10 மெகாஹெர்ட்ஸ் ஓவன் கிரிஸ்டல் ஆஸிலேட்டர்களின் (நிலையான வெப்பத்தில் வைக்கப்பட்ட படிகத்தால் சீரான அலையை உருவாக்கும் சுற்றுகள்) அதிர்வெண் வேறுபாட்டை லட்சம் கோடியில் ஒரு பங்கு வரை அளக்க விரும்புகிறேன். அது வெறும் 10 மைக்ரோஹெர்ட்ஸ் என்பதால், ஒன்று மற்றதை ஒரே ஒரு சுழற்சி முந்தவே ஏறத்தாழ 28 மணி நேரம் ஆகும். அதிர்வெண்ணை எண்ணும் சாதாரண கவுண்ட்டருக்கு இது எட்டாது.

ஆகவே, அதிர்வெண்ணை 10 ஹெர்ட்ஸ் தள்ளி வைத்த மூன்றாவது ஆஸிலேட்டருடன் இரண்டையும் தனித்தனி மிக்சர்களில் (இரு அலைகளின் அதிர்வெண் வேறுபாட்டை அலையாகத் தரும் சுற்றுகள்) கலந்து, கிடைக்கும் இரு 10 ஹெர்ட்ஸ் அலைகளும் சுழியை (பூஜ்ஜிய மின்னழுத்தத்தை) கடக்கும் நேர இடைவெளியைப் பதிவு செய்கிறேன். நேர வேறுபாடு பத்து லட்சம் மடங்கு பெரிதாவதால், ஒரு மைக்ரோவினாடி இங்கே ஒரு பைக்கோவினாடியைக் குறிக்கும். மூன்றாவது ஆஸிலேட்டரின் இரைச்சலும் பெரும்பாலும் நீங்கிவிடுவது இம்முறையின் அருமை.

சிக்கல் என்னவென்றால், ஒரே ஆஸிலேட்டரைப் பிரித்து இரு உள்ளீடுகளுக்கும் கொடுத்தால்கூட, பகலில் அறை சூடேறும்போது அளவு ஒரு பக்கமாகவும், இரவில் எதிர்ப்பக்கமாகவும் நகர்கிறது. என் சந்தேகம் மிக்சருக்குப் பின்னுள்ள 100 ஹெர்ட்ஸ் வடிகட்டியின் எக்ஸ்7ஆர் வகை செராமிக் மின்தேக்கிகள் மீதுதான்; வெப்பநிலையோடு அவற்றின் மதிப்பு மாறும். அவ்வடிகட்டியின் தாமதம் சுமார் 1.6 மில்லிவினாடி, ஒரு தடத்தில் அது ஆயிரத்தில் ஒரு பங்கு மாறினாலே 1.6 பைக்கோவினாடி பிழை வந்துவிடும். பாலிபுரொப்பிலீன் மின்தேக்கிகளுக்கு மாறினால் போதுமா, அல்லது மிக்சர்களையும் ஒரே அலுமினியக் கட்டியில் பொருத்த வேண்டுமா? சுழி கடக்கும் சுற்றில் பெருக்கத்தைப் படிப்படியாகக் கூட்டி அமைத்தவர்கள், ஒவ்வொரு படியின் அலைவரிசை அகலத்தை எப்படித் தேர்ந்தீர்கள் என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.