மூக்கில் கொம்பு வெச்ச டைனோசரும் கொத்தனார் அப்பாவும்

2022 கோடையில அப்பா லண்டன் வந்திருந்தப்போ நடந்தது இது. கும்பகோணம் பக்கம் அம்பது வருஷம் கொத்தனாரா இருந்தவர். ஐயனார் கோயில் குதிரை, கோபுரத்துப் பொம்மைன்னு சுதை வேலையும் செய்வார். இங்கே அரண்மனை, பாலம்னு எதைக் காட்டினாலும் "நல்லாருக்கு"ன்னு ஒரு வார்த்தை. அப்புறம் குனிஞ்சு, நடைபாதைக் கல்லை எப்படிப் பாவியிருக்காங்கன்னு பார்க்க ஆரம்பிச்சிடுவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேற போக்கிடம் இல்லாம, கிறிஸ்டல் பேலஸ் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போனேன். வெஸ்ட் கிராய்டன்ல ரயில் ஏறி பென்ஜ் வெஸ்ட்ல இறங்கினா கொஞ்ச தூர நடைதான். பேர்லதான் பேலஸ் இருக்கு. அந்தக் கண்ணாடி மாளிகை 1936 நவம்பர் 30 ராத்திரி எரிஞ்சு போச்சு. மிச்சம் நிக்கிறது, குளத்துத் தீவுகள்ல 1854ல நிறுத்தி வெச்ச டைனோசர்களும் அதோட கூட்டாளி மிருகங்களும். சுமார் முப்பது உருவம். செஞ்சவர் பெஞ்சமின் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ். ஆலோசனை சொன்னவர் 1842ல 'டைனோசர்'ங்கிற பேரையே வெச்ச ரிச்சர்ட் ஓவன்.

முதல் தடவை பார்த்தப்போ நான் சிரிச்சுட்டேன். இகுவானடான்ங்கிற டைனோசர் நாலு கால்ல காண்டாமிருகம் மாதிரி நிக்கும், மூக்கு மேல ஒரு கொம்பு!

அப்பா சிரிக்கல. வேலியைப் பிடிச்சுக்கிட்டு அதோட வயித்தடியையே உத்துப் பார்த்தார்.

"தம்பி, இது கல்லு இல்லடா, சுதை. உள்ள இரும்பு நட்டுச் செங்கல் கட்டியிருக்கான். கால்கிட்ட வெடிப்பு பாரு. இரும்பு துருப்பிடிச்சு ஊதுனா இப்படித்தான் பொளக்கும்."

போன்ல தேடினேன். ஹாக்கின்ஸே ஒரு இகுவானடானுக்குக் கணக்குக் கொடுத்திருக்கார்: 4 இரும்புத் தூண், 600 செங்கல், 650 அரைவட்ட வடிகால் ஓடு, 900 சாதா ஓடு, 38 பீப்பாய் சிமெண்ட், 90 பீப்பாய் உடைச்ச கல்லு. வாசிக்க வாசிக்க அப்பா முகத்துல வெளிச்சம். "வளைவுக்கு ஓடு வெச்சிருக்கான் பாரு! நானா இருந்தாலும் அதைத்தான் செய்வேன்."

கொம்பு விஷயத்தையும் சொன்னேன். அது கொம்பே இல்ல, கட்டைவிரல் எலும்பு. 1878ல பெல்ஜியத்துல பெர்னிசார் சுரங்கத்துல முழு எலும்புக்கூடுகள் கிடைச்ச பிறகுதான் அது எங்கே இருக்க வேண்டியதுன்னு தெளிவாச்சு. அப்பா தன் கட்டைவிரலை மூக்கு மேல வெச்சுப் பார்த்துக்கிட்டார். பக்கத்துல தள்ளுவண்டியில இருந்த வெள்ளைக்காரக் குழந்தையும் அதே மாதிரி வெச்சுது.

"யாளியை மட்டும் எவன் பார்த்துட்டு வந்து செஞ்சான்? நாலு எலும்பைக் கையில குடுத்தா இவ்வளவுதான் முடியும்."

1853 டிசம்பர் 31 அன்னிக்கு, பாதி வேலையில இருந்த இகுவானடானுக்குள்ளேயே மேசை போட்டு 21 பேர் விருந்து சாப்பிட்ட கதை மட்டும் அவருக்குப் பிடிக்கல. "வேலை முடியறதுக்கு முன்னாடியேவா? நமக்குக் கண் திறந்த அப்புறம்தான் வேட்டி துண்டே கிடைக்கும்."

மெகலோசாரஸ்ங்கிற இன்னொரு டைனோசருக்கு 2020ல தாடை உடைஞ்சு விழுந்துச்சு, மறுவருஷம் புதுசு வெச்சாங்கன்னு சொன்னப்போ நிஜமாவே கோபம் வந்துருச்சு. "பன்னெண்டு வருஷத்துக்கு ஒருக்கா திருப்பணி பண்ணினா தாடை ஏன்டா விழுது?" இத்தனைக்கும் 2007ல இருந்தே இதுங்க இங்கிலாந்தோட முதல் தரப் பாதுகாப்புச் சின்னம்னு சொன்னேன். "பட்டம் குடுத்தா ஆச்சா?"ன்னார்.

போறவங்க ஒரு பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க. வேலிக்கு இந்தப் பக்கம் இருந்துதான் பார்க்கணும், செதில் எல்லாம் அதுலதான் தெரியும்.

அப்பா இப்போ ஊர்ல இருக்கார். லண்டன் போட்டோ காட்டுங்கன்னு சொந்தக்காரங்க கேட்டா போனை நீட்டுவார். அதுல நான் இல்ல, பாலம் இல்ல, அரண்மனை இல்ல. பதினாலு போட்டோவும் வெடிப்பு விட்ட டைனோசர் கால்.