பாத்திக் ஓவியத்தில் அந்த வெடிப்புக் கோடுகள்: தவறா, வேண்டுமென்றே செய்ததா?

ஜெலுத்தோங் வாசி:
போன ஞாயிறு அம்மாவோடு ஜார்ஜ் டவுனில் துணியில் வரையும் பாத்திக் ஓவியங்களின் கண்காட்சிக்குப் போயிருந்தேன். கைலியில் இருந்த பாத்திக்கை 1950களில் ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டும் ஓவியமாக்கியவர் இதே பினாங்கின் சுவா தியன் தெங் என்பதைத் தவிர எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. அங்கே ஒரு மீன்காரப் பெண்ணின் படம், நீலப் பின்னணி முழுக்கச் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள், அதில் ஒன்று மட்டும் தப்பி வந்து அவள் புருவத்திலிருந்து உதடு வரை ஓடுகிறது. எனக்கு அந்தக் கோடுதான் பிடித்தது, அது இல்லாவிட்டால் நாட்காட்டிப் படம்தான். அம்மா நாற்பது வருடம் தையல் வேலை பார்த்தவர், "சாயம் ஒழுகியிருக்கு, இதைப் போய் மாட்டி வெச்சிருக்காங்க" என்று சத்தமாகவே சொல்லிவிட்டார். காவலுக்கு நின்ற பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். யார் சொல்வது சரி?

சாந்திங் அக்கா:
தம்பி, அம்மா சொன்னது பாதி சரி. சில வருடம் பாத்திக் பட்டறையில் இருந்தவள் என்பதால் சொல்கிறேன். பாத்திக் என்றால் துணியில் உருகிய மெழுகால் வரைந்து சாயம் ஏற்றுவது, மெழுகு இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. ஆனால் ஆறி இறுகிய மெழுகு துணி மடங்கும்போது உடையும், அந்த இடுக்கு வழியே சாயம் இறங்கிவிடும், அதுதான் நீங்கள் பார்த்த கோடு. தேன்மெழுகு வளைந்து கொடுக்கும், பாரஃபின் பட்டென்று உடையும், இரண்டையும் எந்த அளவில் கலக்கிறோம் என்பதில்தான் பாதி வேலை. வெடிப்பு வேண்டுமென்றால் குளிர்ந்த தண்ணீரில் முக்கிக் கையாலேயே கசக்குவோம். எங்கே கசக்குவது என்பது நம் இஷ்டம், கோடு எந்தப் பக்கம் ஓடும் என்பது மெழுகின் இஷ்டம். ஜாவாவின் பழைய நுணுக்க வேலையில் இப்படி விழுந்தால் மதிப்புக் குறையும், அம்மாவின் கண் அந்த ரகம். பின்னணியில் இருப்பது வேண்டுமென்றே செய்தது. முகத்தில் ஓடியது அநேகமாகக் கை தவறியதுதான். சாயம் இறங்கிய பிறகு அழிக்க வழியில்லை, துணியைத் தூக்கிப் போட வேண்டும், இல்லாவிட்டால் துணிந்து மாட்ட வேண்டும்.

ஆயர் ஈத்தாம் மணி:
எனக்கு இந்தப் பேச்சே எரிச்சல். வீட்டுச் சுவரில் பெயிண்டர் திட்டுத் திட்டாக அடித்துவிட்டுப் போனால் காசு கொடுப்பீர்களா? நம்ம ஜார்ஜ் டவுன் ஆர்மேனியன் தெருச் சுவரில் 2012இல் வரைந்த சைக்கிள் பிள்ளைகள் ஓவியம் மழையிலும் வெயிலிலும் மங்கினால் நமக்கு வயிறு எரிகிறது, கூடத்துக்குள் மாட்டி விளக்குப் போட்டால் மட்டும் குறை அழகாகிவிடுமா? ஓவியரின் கை தவறியது என்றால் தவறியதுதான். சரி, அந்தப் படம் என்ன விலை?

சாந்திங் அக்கா:
மணி அண்ணே, சுவருக்கும் துணிக்கும் முடிச்சுப் போடாதீங்க லா. இப்போது மெஷினில் அச்சடிக்கிற பாத்திக்கில் வெடிப்பையும் சேர்த்தே அச்சடிக்கிறார்கள், அது இல்லாவிட்டால் ஜனங்கள் கைவேலை என்று நம்புவதில்லை. ஜெலுத்தோங் தம்பி, வீட்டில் பாத்திக் இருந்தால் எடுத்துப் பாருங்கள். கைவேலை என்றால் பின்பக்கமும் ஏறக்குறைய அதே அழுத்தத்தில் சாயம் இருக்கும். அச்சு என்றால் பின்பக்கம் வெளுத்திருக்கும், ஒரே வெடிப்பு ஒவ்வொரு பூவிலும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும்.

ஜெலுத்தோங் வாசி:
மணி அண்ணே, விலை கேட்கவில்லை, கேட்டிருந்தால் அம்மா அங்கேயே இன்னொரு கச்சேரி வைத்திருப்பார். அக்கா சொன்னபடி அம்மாவின் கைலியை எடுத்துப் பார்த்தோம், தீபாவளிக்குக் கைவேலை என்று சொல்லி 180 ரிங்கிட்டுக்கு வாங்கியது. ஏழு பூ, ஏழிலும் இடது இதழில் அதே கோடு, அச்சு அசலாக. அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அந்த மீன்காரி படம் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று கேட்டார்.