புதுப்பிப்பு: குளிர் உருட்டலும் உயர் என்ட்ரோபி கலப்புலோகமும்

போன கிழமை எழுதியதில் ஒரு திருத்தம். உலோகத்தைச் சூடாக்காமல் உருளைகளுக்கிடையில் உருட்டும்போது (இதுதான் குளிர் உருட்டல்), மணிகள், அதாவது அதற்குள் இருக்கும் நுண்படிகங்கள், நசுங்குவதால்தான் பலம் கூடுகிறது என்று எழுதியிருந்தேன். அது பாதிதான் சரி.

நேற்று செட்டியார் தெருவில் ஒரு நகைப் பட்டறையில் நின்றேன். அண்ணா தங்கத் துண்டைக் கையால் சுற்றும் உருளைகளுக்கிடையில் நாலைந்து தரம் விட்டார். பிறகு விரலால் வளைத்துப் பார்த்து, "விறைச்சுட்டுது தம்பி, இனி விட்டா வெடிக்கும்" என்று நெருப்பில் காட்டினார். விளிம்பில் மயிரிழை போல ஒரு கீறல் தொடங்கியிருந்தது.

2004இல் கேன்டர் என்ற உலோகவியலாளரின் குழு வெளியிட்ட கலவை ஒரு உயர் என்ட்ரோபி கலப்புலோகம், அதாவது பல உலோகங்களை ஏறத்தாழ சம அளவில் கலந்தது. அதில் கோபால்ட், குரோமியம், இரும்பு, மாங்கனீசு, நிக்கல் ஐந்தும் சம அணு அளவில் இருக்கின்றன. அறை வெப்பநிலையில் உருட்டினால் இங்கும் அதே கதைதான். அணு அடுக்குகளில் உள்ள பிசகுகள் பெருகி, ஒன்றோடொன்று சிக்கி, நகர இடமில்லாமல் போகின்றன. மேலும் அழுத்தினால் மணிக்குள் கண்ணாடிப் பிம்பம் போன்ற மெல்லிய இரட்டைப் படிகப் பட்டைகள் தோன்றி, அவையும் சுவராக நிற்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. தடிப்பை 90 சதவீதம்வரை குறைத்தால் விளைவு வலிமை (உலோகம் நிரந்தரமாக உருமாறத் தொடங்கும் அழுத்தம்) 1000 மெகாபாஸ்கலைத் தாண்டும். ஆனால் நீளும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

அப்புறம், சூடாக்கினால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தீர்கள். 800 பாகை செல்சியஸில் ஒரு மணி நேரம் வைத்தால், சில மைக்ரோமீட்டர் அளவில் புது மணிகள் முளைக்கும். வலிமை வெகுவாக இறங்கும், நீட்சி திரும்பி வரும். பழைய பதிவையும் திருத்திவிட்டேன்.