மெக்கானிக்கல் ட்ரிகரா, எலக்ட்ரானிக் ட்ரிகரா? கடற்கரையில இருக்குறவங்க கொஞ்சம் சொல்லுங்க

மண்டபம்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சி காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கிறா, 10 மீட்டர் ஏர் பிஸ்டல் அடிக்கிறா. இவ்வளவு நாளா மதுரைக்குப் போயி கிளப் பிஸ்டல்லதான் பிராக்டிஸ், இனிமே மேல போகணும்னா கைக்குப் பழகுன சொந்த பிஸ்டல் வேணும்னு அவ கோச் சொல்லிட்டாரு. வீட்டுலயும் சம்மதிச்சுட்டாங்க. லட்சத்தைத் தாண்டுற விஷயம், ஒரு தடவை வாங்குனா வருஷக்கணக்கா அதோடதான் இருக்கணும், அதான் கேக்குறேன். மொரினி சிஎம் 162ங்கிற பிஸ்டல்ல எம்ஐ மெக்கானிக்கல், இஐ எலக்ட்ரானிக். ஸ்டேயர் எவோ 10லயும் ரெண்டு மாதிரி இருக்கு. எங்க வீடு கடலுக்குக் கூப்பிடு தூரம், கேட்டு கொண்டி, ஜன்னல் கம்பி எல்லாம் பெயிண்ட் அடிச்ச மறுவருஷமே துரு ஏறிடும். இந்த உப்புக்காத்துல சர்க்யூட்டு, பேட்டரி வச்ச சாமான் தாங்குமா? தாங்கும்னா அதுல அவளுக்கு என்ன லாபம்?

மதுரை_பத்துமீட்டர்:

தம்பி, முதல்ல ஒண்ணு தெளிவாயிரட்டும். எலக்ட்ரானிக்னா ட்ரிகர் லேசா இருக்கும், அதனால ஸ்கோர் ஏறும்னு நிறைய பேரு நினைக்கிறாங்க, அது தப்பு. ரூல் ரெண்டுக்கும் ஒண்ணுதான். பேரலை நட்டக்குத்தலா நிறுத்தி ட்ரிகர்ல 500 கிராம் எடையை மாட்டித் தூக்குவாங்க, சுத்தியல் விழாம எடை மேல வரணும். எலக்ட்ரானிக்னு யாருக்கும் சலுகை கிடையாது.

வித்தியாசம் உள்ளுக்குள்ளதான். மெக்கானிக்கல்ல நீங்க அழுத்த அழுத்த சியர்னு ஒரு சின்ன எஃகுக் கொக்கி மெல்ல வழுக்கி விலகும், அது பிடிச்சு வச்சிருந்த சுத்தியல் ஸ்பிரிங் வேகத்துல போயி வால்வைத் தட்டும், காத்து பெல்லட்டைத் தள்ளும். அந்தக் கொக்கி உரசுறது விரலுக்குத் தெரியும். சிலருக்கு அந்த உணர்வு இருந்தாத்தான் நம்பிக்கையே வரும். எலக்ட்ரானிக்ல விரல் வேலை செய்யுறது ஒரு சுவிட்சுல மட்டும், சுவிட்சு பட்டதும் கரண்டு சொலினாய்டுங்கிற காந்தச் சுருளுக்குப் போயி அது சுத்தியலை விடுவிக்கும். கிட்டத்தட்ட கம்ப்யூட்டர் மவுஸ் கிளிக் மாதிரி சுத்தமா இருக்கும், இன்னைக்கு எப்படியோ ஆறு மாசம் கழிச்சும் அப்படியே.

ஆனா நல்ல பிஸ்டல்ல ஒழுங்கா செட் பண்ணுன மெக்கானிக்கல் ட்ரிகரும் லேசுப்பட்டது இல்ல. எடையில பெரும்பகுதியை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ்ல, அதாவது ட்ரிகரோட முதல் கட்ட இழுப்புல வச்சிட்டா விரல் ஒரு இடத்துல வந்து நிக்கும், அதுக்கு மேல கொஞ்சூண்டு அழுத்தம் கூட்டுனா போதும். டார்கெட்டுல பத்து பாயிண்ட் வளையத்தோட குறுக்களவு வெறும் 11.5 மில்லிமீட்டர், அதுல இருந்து ஷாட் வெளிய போகுதுன்னா பெரும்பாலும் மணிக்கட்டு அசைஞ்சிருக்கும், இல்ல விரல் வெடுக்குனு இழுத்திருக்கும். எந்த ட்ரிகரும் அதைக் காப்பாத்தாது.

பாம்பன்_ஒயர்மேன்:

அண்ணே நான் துப்பாக்கி சுடுற ஆள் இல்ல, நம்ம ஊரு போட்டுல ஜிபிஎஸ், ஆழம் பாக்குற எக்கோ, ஒயர்லெஸ் ரிப்பேர் பாக்குறவன், அதனால உப்புக்காத்தைப் பத்தி மட்டும் சொல்றேன். சர்க்யூட் போர்டு அவ்வளவு சீக்கிரம் போகாது, நல்ல கம்பெனி போர்டுன்னா மேல ஒரு கோட்டிங் இருக்கும். போறது எப்பவும் பேட்டரி மாட்டுற தகடுதான். அதுல ஈரம் ஏறி பச்சை பூத்துடும், வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது, பேட்டரி புதுசா இருக்கும் ஆனா கரண்டு தட்டுத்தடுமாறி வரும், சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது. ஐப்பசி கார்த்திகையில மழையும் வாடைக்காத்தும் சேந்து வரும் பாருங்க, என்கிட்ட வர்ற சாமான்ல நிறைய இந்தக் கேசுதான். தங்கச்சி எலக்ட்ரானிக் வாங்குனா அந்தத் தகடை மாசத்துக்கு ஒருதரம் கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, காஞ்ச பருத்தித் துணியில துடைச்சா போதும், உப்புத்தாள் போடவே கூடாது, மேல உள்ள முலாம் போயிட்டா அப்புறம் துரு ஏறுறது நிக்காது. ஊருக்குப் போறோம், பரீட்சை, ரெண்டு மாசம் தொடப்போறதில்லைன்னா பேட்டரியைக் கழட்டி வச்சிரணும். இவ்வளவும் செய்யுற ஆளுன்னா சரி, இல்லன்னா என் ஓட்டு மெக்கானிக்கலுக்குத்தான், துரு பிடிச்சாலும் கண்ணுக்குத் தெரியும்ல.

தொண்டி_பிஸ்டல்:

நான் இதே கரையில இருந்துக்கிட்டு எலக்ட்ரானிக்தான் வச்சிருக்கேன், எனக்கு இதுவரைக்கும் தொந்தரவு வரல, அதனால கடல்னு சொல்லி அதை ஒதுக்க வேண்டாம். என்னை இழுத்தது டிரை ஃபயர். நமக்குப் பக்கத்துல ரேஞ்ச் கிடையாது, ராமநாதபுரத்துல இருந்தே மதுரை நூறு கிலோமீட்டருக்கு மேல, தினம் போக முடியுமா? வீட்டுச் சுவத்துல வெள்ளைப் பேப்பர் ஒட்டி பெல்லட் போடாம அழுத்திப் பழகுறதுதான் நம்ம பிராக்டிஸ்ல முக்காவாசி. மெக்கானிக்கல்ல ஒவ்வொரு தடவையும் லீவரைத் தூக்கி ட்ரிகரைத் திரும்ப செட் பண்ணணும், அதுக்குள்ள கிரிப்ல உள்ளங்கை நகந்துடும். எலக்ட்ரானிக்ல சுவிட்சைப் போட்டுட்டா கையை எடுக்காம அழுத்திக்கிட்டே இருக்கலாம். எனக்கு விரல் படிஞ்சது அதுலதான், இதை எவ்வளவு சொன்னாலும் தகும்.

இன்னொண்ணு, எந்த ட்ரிகரா இருந்தாலும் பிஸ்டலை அது வந்த பெட்டி ஸ்பாஞ்சுலயே அமுக்கி வைக்காதீங்க, ஸ்பாஞ்சு ஈரத்தை இழுத்து வச்சுக்கும், ஸ்டீல் பாகம் அங்கதான் முதல்ல புள்ளி புள்ளியா துரு பிடிக்கும். துடைச்சு ஒரு பருத்தித் துணியில சுத்தி சிலிக்கா ஜெல் பை போட்டு வைங்க. ஏசி ரேஞ்ச்ல இருந்து வெளிய வந்த உடனேயும் பெட்டியைத் திறக்காதீங்க, குளிர்ந்த இரும்பு மேல வேர்த்துடும்.

மண்டபம்காரன்:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். அக்கா, டிரை ஃபயர் விஷயம் எங்களுக்குத் தோணவே இல்ல, அவளும் வீட்டுலதான் அதிகம் பழகுறா. ஒரே ஒரு பயம், 2021 டோக்கியோ ஒலிம்பிக்ல மனு பாக்கருக்கு நடந்த மாதிரி நடுவுல நின்னுபோச்சுன்னா?

மதுரை_பத்துமீட்டர்:

அன்னைக்கு அந்தப் பொண்ணு அடிச்சதைப் பாத்தவங்களுக்கு இப்பவும் மனசு ஆறாது. 60 ஷாட்டுக்கு மொத்தமே 75 நிமிஷம், பிஸ்டல் நடுவுல பழுதாகி நேரம் போயிருச்சு, மிச்சத்தை அவசர அவசரமா அடிச்சும் 575, 12வது இடம். ஃபைனல் போச்சு. ஆனா அதை எலக்ட்ரானிக் தலையில மட்டும் கட்டக்கூடாது. சிலர் ட்ரிகர் சர்க்யூட்னு சொன்னாங்க, சிலர் காக்கிங் லீவர், அதான் ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னாடி தூக்குற லீவர், ஒடைஞ்சுதுன்னு சொன்னாங்க, லீவர்னா அது மெக்கானிக்கல் பிஸ்டல்லயும் இருக்குற சாமான்தானே. அதே பொண்ணு 2024 பாரிஸ்ல 10 மீட்டர்ல வெண்கலம், சரப்ஜோத் சிங்கோட சேந்து இன்னொரு வெண்கலம்.

நீங்க கேக்க வேண்டியது வேற தம்பி. விக்கிறவர்கிட்ட பாகம் கையில இருக்கா, கெட்டுப்போனா எத்தனை நாள்ல திரும்பி வரும், அதுவரைக்கும் மாத்து பிஸ்டல் தருவாரான்னு கேளுங்க. மெக்கானிக்கல்னா ஒரு அலன் கீயோட முக்கால்வாசி சரி பண்ணிடலாம், அனுபவசாலி யாராச்சும் ரேஞ்ச்லயே பாத்துக் கொடுப்பாங்க. சர்க்யூட் போனா போர்டு மாத்துறதைத் தவிர வேற வழி இல்ல, போர்டு வெளியூர்ல இருந்து வரணும். என் கணக்குக்கு இது உப்புக்காத்தைவிடப் பெரிய விஷயம்.

கீழக்கரை_காக்கா:

ட்ரிகரைப் பத்தியே பேசுறீங்க, காத்து சிலிண்டரையும் பாத்துக்கங்க தம்பி. பழைய ஸ்டாக்கா இருந்தா சிலிண்டர் மேல தேதி பாத்து வாங்குங்க, 10 வருஷந்தான் ஆயுசு, அதுக்கு மேல மேட்ச்ல விடமாட்டாங்க. 200 பார் வரைக்கும் அடைக்கிறது, நம்ம கரையில கைப்பம்புல அடிச்சா ஈரக்காத்தும் சேந்து உள்ள போகும், ஃபில்டர் இல்லாத பம்பு வேண்டவே வேண்டாம். ஸ்கூபா டைவிங் ஆளுங்ககிட்ட உள்ள காத்து காஞ்ச காத்து, அவங்க டேங்க்ல இருந்து சரியான அடாப்டர் போட்டு நிரப்பிக்கலாம்.

தொண்டி_பிஸ்டல்:

காக்கா சொன்னது ரொம்ப சரி. தம்பி, தங்கச்சியைக் கூட்டிட்டுப் போயி ரெண்டையும் கையில கொடுங்க, எது எலக்ட்ரானிக்னு முன்னாடியே சொல்லாதீங்க. கண்ணை மூடி கொஞ்ச நேரம் டிரை ஃபயர் பண்ணட்டும். எதுல ஷாட் அவளே எதிர்பாராம விழுதோ அதை எடுங்க. அப்புறம் ட்ரிகர் எடையை 500லயே நிறுத்தாம ஒரு 10, 20 கிராம் கூட வச்சு செட் பண்ணித் தரச் சொல்லுங்க, மேட்ச் அன்னைக்கு எடை பாக்குற இடத்துல பதட்டம் இருக்காது.

மண்டபம்காரன்:

சரிக்கா. ஞாயித்துக்கிழமை மதுரை போறோம், கிளப்ல ரெண்டும் இருக்குன்னு கோச் சொன்னாரு. பாகம், சர்வீஸ் பத்தியும் அங்கேயே கேட்டுட்டு வந்து எழுதுறேன்.