புதுப்பிப்பு: ஆவியில் வளைத்த படகுச் சட்டங்கள்

என் சிறு படகுக்கான விலாச் சட்டங்கள் ஐந்தில் மூன்று, ஆவியில் வேகவைத்து வளைத்தபோது வெளிப்புறத்தில் பிளந்துவிட்டன என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். இன்னும் அதிக நேரம் வேகவைக்கும்படி பலர் சொன்னீர்கள். குறை நேரத்தில் இல்லை, மரத்தில்தான் இருந்தது.

நான் வாங்கியது சூளையில் உலர்த்திய பலகை. மர நார்களைப் பிணைத்திருக்கும் லிக்னின் அதில் ஏற்கெனவே இறுகிவிடுவதால், காற்றில் உலர்ந்த மரத்தைப் போல அது ஆவிக்கு இளகிக் கொடுப்பதில்லை. தேவனாம்பட்டினத்து ஆசாரி ஒருவர் என் உடைந்த துண்டைப் பார்த்ததும், நார் ஓட்டம் குறுக்கே சாய்ந்து விளிம்பில் வெளியேறுவதை விரல் நகத்தால் கீறிக் காட்டினார். விரிசலும் அதே கோட்டில்தான் ஓடியிருந்தது.

இம்முறை ஈரம் முழுதும் வற்றாத கருவேல மரத்தில் நார் நேராக ஓடும் துண்டுகளாகத் தேர்ந்து, ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் என்ற பழைய கணக்கின்படி வேகவைத்தேன். மரத்தை வேகவைக்கும் பெட்டியில் ஆவி வெளியேறத் துளை அவசியம்; இட்லிப் பானைக்கும் அதே விதிதான். மரம் இழுவிசையில் சிறிதளவே நீளும் என்பதால், வெளிப்பக்கத்தில் இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டி, அரை நிமிடத்துக்குள் அச்சில் வளைத்தேன். பிறகு சற்று நிமிரும் என்பதற்காக அச்சைத் தேவைக்கு மேல் வளைவாகவே செய்திருந்தேன்.

ஐந்தில் ஒன்றுகூடப் பிளக்கவில்லை. ஆனால் மரத்தின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து பட்டை பட்ட இடமெல்லாம் கறுத்துவிட்டது. அடுத்த முறை துருப்பிடிக்காத எஃகுப் பட்டைதான்.