சோப்புக் குமிழியின் நிறங்கள் படத்தில் விழாதது ஏன்?

கேள்வி (பொள்ளாச்சி):
என் மகள் திண்ணையில் ஊதும் சோப்புக் குமிழிகளை ஒரு வாரமாகப் படமெடுக்க முயல்கிறேன். கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் படத்தில் வருவதில்லை. ஃபிளாஷ் போட்டால் வெள்ளைப் புள்ளி ஒன்றுதான் விழுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோ, ஃபோகஸ் செய்வதற்குள் குமிழியை உடைத்துவிடுகிறது. என்ன செய்யலாம்?

மறுமொழி (ஈரோடு):
ஆடி முடியும் வரை திண்ணையை மறந்துவிடுங்கள் ஐயா. மின்விசிறியை நிறுத்திய அறையே ஏற்றது. குமிழிப் படலத்தின் இரு பரப்புகளிலும் எதிரொளிக்கும் அலைகள் ஒன்றோடொன்று குறுக்கிடுவதால்தான் நிறங்கள் பிறக்கின்றன என்பதால், அதில் பிரதிபலிக்கப் பரந்த வெளிச்சம் வேண்டும். ஃபிளாஷ் விளக்கு அதற்கு மிகச் சிறியது. சன்னலில் வெள்ளை வேட்டியைக் கட்டி, குமிழிக்குப் பின்னால் கறுப்புத் துணியைத் தொங்கவிடுங்கள்.

மறுமொழி (கோவை):
பறக்கும் குமிழியைத் துரத்த வேண்டாம். டம்ளரின் விளிம்பைக் கரைசலில் நனைத்து, அதன்மேல் அரைக்குமிழியை ஊதி அமர்த்தினால், நிதானமாகக் கையாலேயே ஃபோகஸ் செய்யலாம். நீர் கீழே வடிய வடியப் படலம் உச்சியில் மெலிந்து, நிறங்கள் பட்டை பட்டையாக இறங்கும். உடைவதற்குச் சற்று முன் உச்சி கறுத்துவிடும். எனக்குப் பிடித்த கணம் அதுதான். மருந்துக்கடைக் கிளிசரின் சில துளிகள் சேர்த்தால் நீர் ஆவியாவது குறையும்.

கேள்வி கேட்டவர்:
எங்கள் போர்வெல் தண்ணீரில் நுரையே சரியாக எழுவதில்லை.

மறுமொழி (ஈரோடு):
உப்புத் தண்ணீரில் அப்படித்தான். பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கரைத்துப் பாருங்கள்.